இரண்டா, மூன்றா

ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்கு ஈரல்காரம்மா என்று பெயர். நோயாளியிடமிருந்து ஊசியால் எடுத்த ஈரல் துணுக்கு நூல் கனம்கூட இருக்காது. சாயம் ஏற்றினால் அதில் தழும்பு மட்டும் நீலமாகத் தெரியும். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து, அந்த நீலத்துக்குப் பூஜ்யத்திலிருந்து நாலு வரை மார்க் போடுவாள்; தழும்பு கூடக்கூட மார்க்கும் கூடும். அவள் போட்டால் போட்டதுதான்.

"உன் கிளாஸ்ல மட்டும்தான் முட்டை வாங்குனவன் பாஸ்" என்பார் பள்ளி வாத்தியாரான அவள் கணவர்.

அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள் வாயாடி. இருவருக்கும் அப்போது ஒரே மேஜை, ஒரு மைக்ரோஸ்கோப். காமாலை வார்டில் சேர்ந்தே அலைந்தார்கள். இவள் குனிந்து கண்டதை அவள் நிமிர்ந்து சொன்னாள், அவ்வளவுதான் வித்தியாசம். மேடை அவளுக்கு, கைதட்டல் அவளுக்கு, கடைசியில் துறைத்தலைவியின் ஜன்னல் வைத்த அறையும் அவளுக்கு. இவளுக்குக் குளிர்பெட்டி உறுமும் பின்னறை. வாயாடி படியேறி வரும்போதே சிரிப்புச் சத்தம் கேட்கும். இவளுக்கு அடிவயிற்றில் திரி கொளுத்தியது போலிருக்கும்.

"இன்னைக்கும் எரியுதா?" என்று கேட்டார் கணவர், இவள் தட்டைத் தள்ளிவைத்தபோது.

"வயித்துக்கு வைத்தியம் பாக்குறவ நான். எனக்கு எதுக்கு எரியுது?"

"அதான் நானும் கேக்குறேன்."

அன்று வாயாடி ஒரு பெட்டி நிறையக் கண்ணாடித் தகடுகளைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். தழும்பைக் குறைக்கும் மருந்து ஒன்றை அவள் பல வருஷமாகச் சோதித்துவந்தாள். மருந்துக்கு முன் எடுத்த துணுக்கு, பின் எடுத்த துணுக்கு இரண்டும் கலந்து கிடந்தன. எது எதுவென்று தெரியாதபடி பெயரெல்லாம் மறைத்து ஒட்டியிருந்தது. "நீ பாத்துச் சொன்னாத்தான்டி ஊரு நம்பும்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அந்தத் தட்டுகூட இவளுக்குச் சுட்டது.

கண்ணைக் கட்டினால் மூக்கு வேலை செய்யாதா? சில தகடுகளில் நீலம் பளிச்சென்று இருந்தது, சிலவற்றில் மங்கியிருந்தது. புதுச் சாயம் என்றால் பின்னால் எடுத்தது, மருந்து சாப்பிட்ட ஈரல் என்று கணக்குப் போட்டாள். பொய் மார்க் போட அவளுக்குக் கை வராது. ஆனால் இரண்டா மூன்றா என்று எவருக்கும் தடுமாறும் துணுக்குகள் உண்டே? பளிச்சென்ற நீலத்தில் அப்படி வந்ததற்கெல்லாம் மூன்று போட்டாள். யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்டவர் புள்ளிவிவரக்காரர். ஜன்னல் வைத்த அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"மேடம், ஒரு சின்ன சந்தேகம். தகடு படிக்கிறவங்க கை மாறாம இருக்கான்னு பாக்க, நடுவுல கொஞ்சம் பழைய துணுக்கு கலந்திருந்தோம். புதுசா சாயம் போட்டது. எல்லாம் உங்க முதல் கட்டுரையில வந்தது. அப்ப ரெண்டு போட்டிருக்கீங்க. இப்ப மூணு."

தன் துணுக்குகள். தான் பெற்ற பிள்ளைகளை அடுத்த வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக் கிள்ளியிருக்கிறாள்.

"எதுக்கு என்னோடத எடுத்தீங்க?"

"நான்தான் சொன்னேன்" என்றாள் வாயாடி. "இந்த இடத்துல கை மாறாத ஆளு நீ ஒருத்திதான். உன் மார்க்கைத் தராசா வச்சேன். என்னடி ஆச்சு?"

கண் வலி, மைக்ரோஸ்கோப் கோளாறு என்று எத்தனையோ சாக்கு நாக்கு நுனிவரை வந்தது.

"வயித்தெரிச்சல்" என்றாள்.

"ஐயோ மேடம், வெறும் வயித்துல காபி குடிக்காதீங்க" என்று பதறினார் புள்ளிவிவரக்காரர். "எங்க வீட்லயும் இதே தொந்தரவு."

எதற்கெடுத்தாலும் சிரிக்கும் வாயாடி சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் போட்டது ஒண்ணையும் சேக்காதீங்க. வேற ஆள் படிக்கட்டும்."

"உன் பேரு கட்டுரையில வராதே."

"வராது."

வேறொரு ஊர் நிபுணர் படித்தார். மருந்து நன்றாகவே வேலை செய்திருந்தது. சேதி வந்த அன்று கூடமே கைதட்டியது. இவளும் தட்டினாள். பிறகு பின்னறைக்குப் போய் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். முதல் துணுக்கே இரண்டா மூன்றா என்று வந்து நின்றது. வயிறு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது. எரிச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும் என்று மறுபடி பார்த்தாள். இரண்டு.