நாற்பத்திரண்டு வரைக்கும்

அப்பா செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. வயது நாற்பத்திரண்டு. குளியலறையில் தடாலென்று சத்தம் கேட்டு முதலில் ஓடியது பெரியவன்தான். அவனுக்கு அப்போது பதினேழு, தம்பிக்குப் பதினொன்று.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு டாக்டர் பெரியவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க தாத்தாவும் சின்ன வயசுலயே போயிட்டாராமே? அம்மா சொன்னாங்க. சில குடும்பத்துல ரத்தத்துல கொழுப்பு ஏறுறது பரம்பரையா வரும்பா. பிள்ளைங்களுக்கு வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி. நீயும் தம்பியும் ரத்தம் குடுத்துப் பாத்துடுங்க. முன்னாடியே தெரிஞ்சா வைத்தியம் இருக்கு."

ஒரு சீட்டில் எழுதியும் கொடுத்தார். பையனின் காதில் 'பாதிக்குப் பாதி' மட்டும் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்து சீட்டை நாலாக மடித்துப் பழைய கணக்குப் புத்தகத்துக்குள் செருகினான். அம்மாவிடம் சொல்லவில்லை. தம்பியிடமும் சொல்லவில்லை. வராத பாதி தம்பிக்கு, வந்த பாதி தனக்கு என்று தானாகவே பங்கு பிரித்துக்கொண்டான். அதை ஊசி போட்டு உறுதிப்படுத்த அவனுக்குத் தைரியம் இல்லை.

வளர்ந்தபின் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக் ஆனார். மொட்டை மாடி மோட்டார் அறை, கிரீஸ் வாசனை, நடுவழியில் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுகிற ஆட்கள் என்று வேலை ஓடியது. பத்து மாடி ஆழக் குழிக்கு மேலே கம்பியைப் பிடித்து நிற்கும்போது பயமில்லை. படிக்கட்டில் ஏறினால்தான் பயம். ஒவ்வொரு மாடி திருப்பத்திலும் நின்று, மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துக் கடிகாரத்தைப் பார்ப்பார். கூட வேலை செய்தவர்கள் அவருக்கு 'நாடி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "நாடி வந்தாச்சா?" என்று போனிலேயே கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டு "இன்னும் ஓடுதுப்பா" என்பார்.

அவர் பராமரித்த கட்டடம் ஒன்றில், நாலாவது மாடிப் பல் டாக்டரிடம் ஒரு பெண் வரவேற்பில் இருந்தாள். இரண்டு தடவை லிஃப்டில் மாட்டிக்கொண்டவள். பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது. மூன்று வருஷப் பழக்கத்துக்குப் பிறகு, சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே அவளே கேட்டாள்.

"நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?"

"நான் நாப்பத்திரண்டு வரைக்கும்தான். அதுக்கப்புறம் நீ தனியாக் கிடந்து கஷ்டப்படுவ."

"யாரு சொன்னா? ஜோசியரா?"

"எங்கப்பா."

அவள் டப்பாவைப் பைக்குள் வைத்தாள். "கஷ்டப்படுறதா வேணாமான்னு என்னையும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றாள். இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருந்துவிட்டு, வேறொருவரைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர் வீடு வாங்கவில்லை. நாய்க்குட்டிகூட வளர்க்கவில்லை.

தம்பி நேர்மாறு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். ஆள் தேக்குமரம் மாதிரி. கல்யாணம், ஒரு பெண் குழந்தை, வீடு நிறையச் சத்தம். "அண்ணே, உனக்கு நோய் நெஞ்சுல இல்ல, மண்டையில" என்று தோளில் தட்டுவான். அவனுடைய குதிகாலுக்கு மேலே நரம்பு கயிறு போலத் தடித்திருக்கும். ஓடி ஓடித்தான் அப்படி ஆயிற்று என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

நாற்பத்திரண்டு வந்தது. அந்த வருஷம் முழுவதும் அவர் ராத்திரி கதவுக்குத் தாழ் போடாமலே படுத்தார், யாரும் கதவை உடைக்க வேண்டியிருக்கக் கூடாது என்று. நாற்பத்து மூன்று பிறந்தது. ஒன்றும் ஆகவில்லை. சந்தோஷப்படத்தான் பார்த்தார், வரவில்லை. ரயிலைத் தவறவிட்டவர் மாதிரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். மிச்சம் இருந்த நாட்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த தம்பி வாயில் விசிலோடு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. முப்பத்தொன்பது வயது.

காரியமெல்லாம் முடிந்தபின், தம்பியைப் பார்த்த டாக்டரம்மா குடும்பத்தையே வரச் சொன்னார். "அவருக்குக் குதிகால் நரம்பு தடிச்சிருந்துச்சே, யாரும் கவனிக்கலையா? அது கொழுப்பு படிஞ்சது" என்றார். அண்ணனுக்கு அப்பாவின் கால் கண்ணுக்குள் வந்தது. அதே தடிப்பு. தன் காலைக் குனிந்து பார்த்தார். மெலிந்த குதிகால்.

இந்தத் தடவை ரத்தம் எடுக்கக் கையை நீட்டினார்; குழந்தைக்கும் எடுத்தார்கள். நாலாம் நாள் முடிவு வந்தது.

"உங்களுக்கு ஒன்னுமே இல்ல. சாதாரண அளவுதான்" என்றார் டாக்டரம்மா. அடுத்த தாளைப் புரட்டிவிட்டு, தம்பி மனைவி பக்கம் திரும்பினார். "பாப்பாவுக்கு இருக்கும்மா. அப்பாகிட்டேர்ந்து வந்தது. பயப்படாதீங்க, இப்பவே கண்டுபிடிச்சிட்டோம். மாத்திரைய விடாமக் குடுத்தா நல்லா இருப்பா. அவங்கப்பாவுக்கும் இப்படிச் சின்னதுலயே பாத்திருந்தா..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பாதி வாக்கியம் அண்ணனை விடவில்லை. நாலாம் நாள் தம்பி வீட்டுக்குப் போய், அந்தச் சீட்டைப் பற்றிச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை.

தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"இருபத்தெட்டு வருஷமா?"

"ஆமாம்மா."

"உங்களுக்குப் பயமா இருந்துச்சுன்னா உங்க ரத்தத்தப் பாக்காம விட்டிருக்கலாம் மாமா. அவரு ரத்தம் உங்களுது இல்லையே."

அவள் மடித்த சட்டையையே மறுபடி உதறி மடித்தாள். அதன் பிறகு அவரிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. ஆனால் அவளுக்கு வேலையில் விடுப்புக் கிடைக்காது. ஆகவே ஆறு மாதத்துக்கொரு தடவை குழந்தையை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவது அவர்தான். குழந்தை ஊசிக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவர் திருப்பிக்கொள்ள மாட்டார்.

தம்பி மகளுக்குப் பதினாலு வயதானபோது ஒரு நாள், ஆஸ்பத்திரி பெஞ்சில் அவள் கேட்டாள்.

"பெரியப்பா, ஸ்கூல் ஓட்டப்பந்தயத்துல சேரட்டுமா? டாக்டரம்மா எல்லாப் பரிசோதனையும் பண்ணிட்டு ஓடலாம்னுட்டாங்க. அம்மாதான் விட மாட்டேங்குறா. நீங்க சொல்லுங்களேன்."

சொல்வதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும் போனார். தம்பி மனைவி வாசலிலேயே நிற்க வைத்து அவர் பேச்சைக் கேட்டாள்.

"ஓடட்டும்மா. பயந்து பயந்து உட்கார வச்சா என்ன ஆகும்னு என்னப் பாரு."

"உங்களத்தான் பாத்துட்டு இருக்கேன்" என்றாள் அவள். பள்ளிக்கூடத் தாளை வாங்கினாள். கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டு இடத்தில் கிழித்தது. "ஏதாவது ஆச்சு, உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

பந்தயம் சனிக்கிழமை, தம்பி விழுந்த அதே மைதானத்தில். தம்பி மனைவி வரவில்லை, வர முடியாது என்றுவிட்டாள். அவர் கம்பி வேலி ஓரமாக நின்றார். விசில் ஊதியதும் தலையைக் குனிந்துகொண்டார். காலடிச் சத்தம் ஒரு சுற்று வந்து போனது, இன்னொரு சுற்று வந்தது. எத்தனை சுற்று என்று கேட்டு வைக்காமல் போனோமே என்றிருந்தது. கடைசியில் கைதட்டல் ஓய்ந்து, மூச்சு வாங்க ஒரு குரல் பக்கத்தில் கேட்டது.

"ஆறாவது வந்தேன் பெரியப்பா. பாத்தீங்களா?"

"பாத்தேன்டா" என்றார். பொய்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.