வெள்ளையடித்த சுவர்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு வெளுப்பது ஜுரேமா ஃபகுண்டஸின் வேலை. புருஷன் வேறு ஊருக்கு வேலை தேடிப் போனவன், போனவன்தான். இரண்டு பெண்களைத் தனியாளாக வளர்த்தாள். பிரேசிலின் போர்த்து அலெக்ரி நகரத்து ஓரத்தில், ஓடைக்கரையில் பலகை வீடு. மழைக்காலத்தில் ஓடை உள்ளே வரும். வடிந்த மறுநாளே அவள் வீட்டுத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். அந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், வேறென்ன இருந்தது அவளிடம்!

நகரசபைப் பணத்தில் யாருக்கு முதலில் வீடு என்பதை அந்த ஊரில் அதிகாரிகள் மட்டும் முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு குடியிருப்பும் கூட்டம் கூடித் தன் ஆளைத் தேர்ந்தெடுக்கும். அந்த ஆட்கள் எல்லோரும் ஒரே பேருந்தில் ஏறி எல்லா இடத்தையும் பார்த்துவிட்டு வந்து கை தூக்குவார்கள். ஓடைக்கரைக்கு ஜுரேமாதான் ஆள். அந்த வருஷப் பணம் ஒரே ஒரு குடியிருப்புக்குத்தான் போதும்.

பேருந்து சனிக்கிழமை வருகிறது என்று தெரிந்ததும் ஜுரேமா ஓடைக்கரைப் பெண்களையெல்லாம் கிளப்பிவிட்டாள். சந்துகளைப் பெருக்கினார்கள். திரைச்சீலைகளைத் துவைத்துக் கஞ்சி போட்டார்கள். சுவர்களில் மார்பளவுக்கு வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோட்டின் மேல் இரண்டு பூச்சு வெள்ளையடித்தார்கள். வந்தவர்களுக்கு மாத்தே இலைத் தேநீரும் வாழைப்பழக் கேக்கும் கொடுத்தார்கள்.

மேட்டுக் குடியிருப்பின் ஆளான அத்ரோவால்தோ இரண்டாவது துண்டையும் முடித்துவிட்டுச் சிரித்தார். "இவ்ளோ அழகா வச்சிருக்கீங்களேம்மா! உங்களுக்கு எதுக்கு இன்னொரு வீடு?"

ஜுரேமாவுக்கு வாயெல்லாம் பல். "ஏதோ எங்களால முடிஞ்சதுங்க" என்றாள்.

கை தூக்கியபோது ஓடைக்கரைக்குக் கிடைத்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. வீடு வேறு குடியிருப்புக்குப் போனது.

"இன்னும் நாலு பூந்தொட்டி வச்சிருந்தா நம்மகிட்டயே வரி கேட்டிருப்பாங்க" என்றாள் பக்கத்து வீட்டு சிர்லெய்.

"வர்றவங்களுக்கு முன்னாடி வீட்டைக் குப்பையாவாடி போட்டு வைக்கச் சொல்ற?"

"ஆமாக்கா. அதைத்தான் சொல்றேன்."

அந்தக் குளிர்கால மழையில் தண்ணீர் கட்டில் வரை ஏறியது. சின்னவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, அம்மா வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். அவள் பிழைத்து வந்த பிறகு சிர்லெய் சொன்னதற்கு ஜுரேமா எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. அடுத்த முறை பேருந்து வருவதற்குள் இன்னொரு தடவை ஓடை வந்து போயிருந்தது. யாரும் துடைப்பத்தைத் தொடக்கூடாது என்று கூட்டத்தில் முடிவானது. சேறு அப்படியே கிடந்தது. ஊறிப்போன மெத்தை நாறியது. கேக்கும் கிடையாது. அன்று காலை முழுக்க ஜுரேமா தன் கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பேருந்திலிருந்து முதலில் வந்தவள் வேறொரு குடியிருப்பில் புதிதாகத் தேர்வான ஒரு பெண். வாசலுக்கு வந்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"உள்ள வாங்க" என்றாள் ஜுரேமா.

"இல்லக்கா, பரவால்ல. இங்கேருந்தே தெரியுது."

உடம்பெல்லாம் கூசியது ஜுரேமாவுக்கு. இது என் வீடு இல்லை, நான் இப்படிப்பட்டவள் இல்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது. சின்னவளை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அந்த வருஷம் கை தூக்கியபோது ஓடைக்கரைதான் முதலில் வந்தது. மண்டபமே அதிர்ந்தது. அந்தப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஜுரேமாவைக் கட்டிக்கொண்டாள்.

"உங்க வீட்டைப் பார்த்த நிமிஷமே நான் முடிவு பண்ணிட்டேன்க்கா. பாவம், எப்படித்தான் அங்க இருக்கீங்களோ!"

"நன்றிம்மா" என்றாள் ஜுரேமா.

திரும்பும் வழியில் சிர்லெயிடம் சொன்னாள்: "வீடு கட்டி முடிச்சதும் மொதல்ல அவளைத்தான்டி சாப்பிடக் கூப்பிடணும். உள்ள வந்து உக்காந்து, வயிறாரச் சாப்பிட்டுப் போகணும் அவ."

கட்டி முடிக்க வருஷங்கள் ஆயின. செங்கல் வீடு, மேட்டில். சாவி கைக்கு வந்த அன்றே ஜுரேமா தரையை மூன்று முறை கழுவினாள், மேஜைக்கு வெள்ளை விரிப்புப் போட்டாள். சாப்பிடக் கூப்பிட ஆள் அனுப்பப் போனபோதுதான், அந்தப் பெண்ணின் பெயரை ஒருபோதும் கேட்டுக்கொள்ளவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.