ஜன்னலோர நாற்காலி

சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றின் நிர்வாகி நான். புதிய வழிகாட்டு நெறிகள் பற்றி என்னைப் போன்ற நிர்வாகிகளுக்கு நடக்கும் பயிற்சியை, போன மாதம் எங்கள் பள்ளியிலேயே வைத்தோம். ஏசி இருப்பது மீனு என்ற சிறுமி படிக்கும் வகுப்பறையில் மட்டும்தான். அதனால் அன்று காலை பிள்ளைகளைச் சாப்பாட்டு அறைக்கு மாற்றச் சொன்னேன்.

மீனுவுக்கு ஆட்டிசம். ஜன்னலோர நாற்காலியில் உட்காராமல் அவளுக்கு நாள் தொடங்காது. ஸ்ரீவராகம் பகுதியிலிருந்து அம்மாவோடு பஸ்ஸில் வந்தவள், நேராகத் தன் வகுப்புக்குள் நுழைந்தாள். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். காதுகளைப் பொத்திக்கொண்டு அலறினாள். தலையைச் சுவரில் மோதிக்கொண்டாள்.

திரையில் அப்போது இருந்த வரி: 'எந்த மாற்றத்தையும் குழந்தையிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.' சற்று முன்புதான் அதை எல்லோருக்கும் உரக்க வாசித்திருந்தேன்.

மகளை இறுக்கிப் பிடித்தபடி அம்மா கேட்டார்: “சாரே, நேத்திக்கே ஒரு வார்த்தை சொல்லப்படாதா? ராத்திரியே சொல்லிச் சொல்லி இவளைப் பழக்கியிருப்பேனே.”

எழுந்து நின்றேன். மீனு உட்காரவில்லை.

மாலையில் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

இப்போதெல்லாம் மீனு வாசலிலேயே நின்றுவிடுகிறாள். நாற்காலி காலியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறாள். பிறகு, நான் எங்கே இருக்கிறேன் என்று தேடுகிறாள்.