சாஆவில் மேடாக்கிய நிலம்

சாஆ என்ற சிறு ஊரில் மழைக்காக ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒதுங்கி நிற்கிறேன். கடைக்காரர் சரோஜா குளிர்பெட்டியை மேசைமேல் ஏற்றத் திணறுகிறார். நானும் ஒரு கை கொடுக்கிறேன்.

"மழை விடலன்னா சாயங்காலம் தண்ணி உள்ள வந்துரும் தம்பி."

எதிரே இருந்த சதுப்பு நிலத்தில் செம்மண் கொட்டி ஆளுயரத்துக்கு மேடாக்கியிருக்கிறார்கள். அதன்மேல் புதுத் தாமான் குடியிருப்பின் வீடுகள் வரிசையாக எழுகின்றன. முன்பு அங்கே தேங்கிய மழைநீர் இப்போது இவருடைய கடைக்குள்ளும் பின்னாலிருக்கும் வீட்டுக்குள்ளும் புகுகிறது.

"அரசாங்கத்துல சொல்லலியா அக்கா?"

"சொன்னோம். ஆபிசருங்க வந்து அளந்தாங்க, வேலையக்கூட நிறுத்துனாங்க. பெரிய கால்வா வெட்டுறோம்னு வீடு கட்டுறவங்க சொன்னதும் திரும்ப வேலையத் தொடர விட்டுட்டாங்க. கால்வா வரல லா. வெட்டுனாங்களான்னு பாக்க ஒருத்தரும் வரல."

மழை வலுக்கிறது. சாலையோரம் பழுப்பு நீர் ஓடத் தொடங்கிவிட்டது.

"இனி என்ன செய்வீங்க?"

சரோஜா அந்தப் புது வீடுகளைப் பார்க்கிறார்.

"என் மகன் அங்கதான் ஒரு வீடு புக் பண்ணியிருக்கான். வேணாம்னு சண்ட போட்டேன். இந்த ஊர்லயே அங்க மட்டுந்தான் தண்ணி ஏறாதும்மாங்கிறான்."

தரையில் கிடக்கும் அரிசி மூட்டையின் ஒரு முனையைப் பிடிக்கிறார்.

"அவன் சொல்றதும் உண்மதான்," என்று சொல்லிவிட்டு, மறுமுனையை என்னைப் பிடிக்கச் சொல்கிறார்.