இடது பின்கதவு

என் கணவர் தன் வாழ்நாளில் கார் ஓட்டியதில்லை. ஆனால் கார்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது குறைவு. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில், ஆய்வுப் பிரிவில், முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வேலை பார்த்தார். தயாராகி வரும் இரும்புப் பாகங்களை அளந்து, தடவிப் பார்த்து, தேறும் தேறாது என்று சொல்வதுதான் வேலை. குவார்ட்டர்ஸில் இருந்த காலம் முழுக்க முதலில் சைக்கிள், பிறகு ஒரு ஸ்கூட்டர். ஓய்வு பெற்றதும் கார் வாங்கி, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திருநெல்வேலி வரை தானே ஓட்டிக்கொண்டு போகப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது சர்க்கரை அவர் கண்ணில் கைவைத்தது. ஊசி போட்டார்கள், லேசர் வைத்தார்கள். பார்வை அடியோடு போகவில்லை. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு மங்கல், அதன் ஓரங்களில் கொஞ்சம் உலகம். எதிரில் வருகிறவரைக் குரல் கேட்டபிறகுதான் இன்னார் என்று சொல்வார். வேலையிலிருந்து விலகி, ஸ்கூட்டரை விற்றுவிட்டு முகப்பேரில் ஒரு ஃப்ளாட்டுக்கு வந்துசேர்ந்தோம். பக்கத்துத் தனியார் பள்ளியில் நான் கணக்கு டீச்சர்.

ஒருநாள் ஊசி போட்டுக்கொண்டு, கண்ணில் கட்டோடு அவர் மருத்துவமனை வாசலில் நின்றார். மழை. ஒரு ஆட்டோவும் நிற்கவில்லை. முக்கால் மணி நேரம் அவர் தலைக்கு மேல் குடையைப் பிடித்தபடி நின்றபோதுதான், கார் ஓட்டக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். எனக்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருடைய ஒன்றை நான் எடுத்துக்கொண்டதுபோல் ஆகிவிடுமோ என்று பயம். காலையில் நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்வந்தேன். இரண்டாவது வாரம், காபி குடித்துக்கொண்டே கேட்டார்:

"கிளட்ச்சை எப்படி விடறே? ஒரேயடியா விட்டுடறியா?"

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இல்ல, வாக்கிங் போயிட்டு வர்றவ மேல டீசல் வாசனை வராது, அதான் கேட்டேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வண்டி வாங்கணும்னுதானே சொன்னேன். நான்தான் ஓட்டணும்னு எப்பவாவது சொன்னேனா?" என்றார். அப்படித்தான் இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு விலை பேசுவதற்கான தயாரிப்பு முழுவதையும் அவரே எடுத்துக்கொண்டார். கார் வாங்கியவர்கள் பேசிப் போட்ட வீடியோக்களைக் காதில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கேட்டார். மாதத்தின் கடைசி வாரத்தில்தான் போகவேண்டும், அப்போதுதான் அவர்களுக்கு எண்ணிக்கை காட்டும் அவசரம் இருக்கும் என்றார். இரண்டு டீலர்களிடமாவது விலையை எழுத்தில் வாங்கவேண்டும். இன்சூரன்ஸை நாமே வெளியில் விசாரித்து வைத்துக்கொள்ளவேண்டும். பணம் கட்டுவதற்கு முன்னால் நமக்குத் தரப்போகிற வண்டியை நேரில் பார்க்கவேண்டும். எல்லாவற்றையும் என் பள்ளி நோட்டில் எழுதச் சொன்னார்.

முதலில் பூந்தமல்லியில் விலை வாங்கினோம். பிறகு அம்பத்தூருக்குப் போனோம். அந்த ஷோரூமில் விற்பனையாளர் முப்பது வயதுக்காரர், இன்முகமானவர். எங்களை உட்காரவைத்து, கேட்காமலே காபி வரவழைத்துவிட்டு என் கணவரைப் பார்த்தே பேச ஆரம்பித்தார்.

"சார், டெஸ்ட் டிரைவ் இப்பவே எடுத்துடலாமா?"

"நான் ஓட்டறதில்ல தம்பி. எனக்குப் பார்வை குறைவு. வண்டி இவங்களுக்கு. இவங்ககிட்டயே பேசுங்க."

அவர் மன்னிப்புக் கேட்டார். என்னைப் பார்த்து இரண்டு வாக்கியம் பேசினார். மூன்றாவது வாக்கியத்தில் மறுபடி "சார்" என்று அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். என் கணவர் பதில் சொல்லாமல், குரல் வந்த திசையிலிருந்து முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டார். நாலைந்து முறை இப்படி நடந்தபிறகுதான் அந்த மனிதருக்குப் பழகியது.

காய்கறிக் கடையில் நான் நன்றாகவே பேரம் பேசுவேன். ஆனால் ஏசி அறையில் சோபாவில் உட்காரவைத்துக் காபியும் கொடுத்துவிட்டால் குறைத்துக் கேட்க நாக்கு எழவில்லை. நாம் வசதியில்லாதவர்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். அந்தக் கூச்சத்துக்கும் சேர்த்துத்தான் அங்கே விலை போட்டிருந்தார்கள் என்று பிறகு தோன்றியது. தாளில் வண்டி விலை, பதிவு, இன்சூரன்ஸ் ஆகியவற்றுக்குக் கீழே 'ஹேண்ட்லிங்' என்று ஒரு வரி. அதற்கும் கீழே தரைவிரிப்பு, சீட் கவர் எல்லாம் சேர்த்து ஒரு பெரிய தொகை.

வகுப்பில் ஒரு பையனிடம் கேட்பதுபோல் நினைத்துக்கொண்டேன்.

"இந்த ஹேண்ட்லிங்னா என்னங்க?"

"அது... வண்டியை யார்டுலேருந்து இங்க கொண்டுவர்ற செலவு மேடம்."

"வண்டியை விக்கறவங்கதானே அதைக் கொண்டுவரணும்?"

சிரித்துக்கொண்டே அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார். இத்தனை சுலபமா என்று ஆச்சரியமாக இருந்தது. தரைவிரிப்பு வகையறாவும் போனது. நாங்கள் விசாரித்து வைத்திருந்த இன்சூரன்ஸ் தொகையைக் காட்டியதும் அவர்களுடைய தொகை அதன் பக்கத்தில் இறங்கி வந்தது. பூந்தமல்லித் தாளை எடுத்தபோது மேனேஜரே எழுந்து வந்தார். ஒரு மணி நேரத்தில் முதலில் சொன்னதைவிட நன்றாகவே குறைந்திருந்தது. கையெழுத்துப் போட்ட தாளை வாங்கிக்கொண்டேன்.

"வண்டியைப் பாத்துட்டுப் பணம் கட்டறோம்" என்றார் என் கணவர்.

விற்பனையாளர் தயங்கினார். "புது வண்டி சார். டெலிவரி அன்னிக்குப் பளபளன்னு நிக்கும், அப்பப் பாருங்களேன்."

"அன்னிக்கு மாலையெல்லாம் போட்டிருப்பீங்க. இப்பப் பாக்கறோம்."

அவர்களுடைய யார்டு நசரத்பேட்டையில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. தகரக் கூரைகூட இல்லாத திறந்த வெளியில் வரிசையாக வண்டிகள். எங்களுக்கென்று ஒதுக்கிய சாம்பல் நிற வண்டி புழுதி மூடி நின்றது. நான் கண்ணாடிகளையும் டயர்களையும் பார்த்தேன், எல்லாம் சரியாகவே தெரிந்தது. அவர் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு, முன்பக்கத்திலிருந்து ஆரம்பித்து, உள்ளங்கையால் வண்டியைத் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. விற்பனையாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

இடது பின்கதவில் அந்தக் கை நின்றது. குனிந்து, கதவைத் திறந்து, அதன் கீழ் ஓரத்தை விரல் நுனியால் இரண்டு முறை வருடினார்.

"இங்க தொட்டுப் பாரு."

தொட்டேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, மிக லேசாக, மணலைத் தூவினாற்போல் ஒரு சொரசொரப்பு.

"மத்த மூணு கதவையும் தொட்டுப் பாரு."

அவை வழுவழுவென்று இருந்தன.

"புழுதி சார் அது. கழுவினா போயிடும்" என்றார் விற்பனையாளர்.

"கழுவினா போறதில்ல தம்பி. இது அப்புறமா மேல அடிச்ச பெயிண்ட்."

யார்டு காவலாளி அதுவரை தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்ன பேச்சு என்று கேட்க எழுந்து வந்தவர், வண்டியைப் பார்த்துவிட்டு, யாருக்கும் கெடுதல் நினைக்காத குரலில் சொன்னார்:

"இந்த வண்டியா? லாரிலேர்ந்து எறக்கசொல்ல இட்சிகினான் நைனா. டிங்கரிங் பண்ணி இட்டாந்து ஒரு மாசம் ஆவுது, இங்கதான் நின்னுகினு கீது. இப்ப இன்னா, நல்லாத்தானே கீது?"

விற்பனையாளர் குனிந்து கதவின் ஓரத்தைத் தானும் தொட்டுப் பார்த்தார். எனக்குத் தெரியாது மேடம், சத்தியமாகத் தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

மறுபடி அம்பத்தூர். இந்த முறை மேனேஜர் அறைக்குள்ளேயே உட்காரவைத்தார்கள். அவர் சுற்றி வளைக்கவில்லை. "கதவுல சின்ன அடி. கம்பெனித் தரத்துலயே சரி பண்ணியிருக்கு. இதையே எடுத்துக்கிட்டீங்கன்னா இன்னொரு அறுபதாயிரம் குறைச்சுத் தர்றேன்" என்றார்.

அறுபதாயிரம். அந்த நிமிடத்தை மறைத்து எழுதினால் பொய்யாகும். எனக்கு ஆசை வந்தது. ஒரு வருட ஊசிச் செலவு அதற்குள் அடங்கும் என்று மனம் உடனே கணக்குப் போட்டுவிட்டது. ஐந்து நிமிடம் வேண்டும் என்று கேட்டு, என் கணவரை வெளியே அழைத்து வந்தேன்.

"பெயிண்ட்டுதானேங்க. ஓடற வண்டியில நாளைக்கே நானே நாலு கீறல் போடப்போறேன்."

சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"கதவு மட்டும்தான்னு அவங்க சொல்றாங்க. கண்ணு இருந்தா அடியில படுத்துப் பாத்து, ஆமா, இல்லன்னு நானே சொல்லிடுவேன். என் கைக்குத் தெரிஞ்சது அந்த ஓரம் வரைக்கும்தான். அதுக்கு மேல தெரியாத வண்டியில உன்னை உக்கார வைக்க மாட்டேன்."

கண்ணைப் பற்றி அவர் வாயால் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எத்தனை ஊசி போட்டபோதும், எனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லிவந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிழலுக்குக் கூட்டிப்போய் நிறுத்தினேன். பிறகு நான் மட்டும் உள்ளே போனேன்.

"அந்த வண்டி வேண்டாம். இந்த மாசம் தயாரான வேற வண்டி வேணும். நீங்க எழுதிக் கொடுத்த அதே விலை. ரெண்டு வருஷ கூடுதல் வாரண்டி உங்க செலவு."

"மேடம், அது கட்டுப்படியாகாது."

"சரிங்க" என்று பூந்தமல்லித் தாளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். கோபமில்லை, நடிப்பும் இல்லை. உண்மையாகவே போகத் தயாராக இருந்தேன். அது அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். கதவுவரைகூட விடவில்லை, கேட்டபடியே எழுதிக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது வண்டியையும் என் கணவர் தடவிப் பார்த்து, தேறும் என்றார். எனக்குப் பிடித்த நீலம் கிடைக்கவில்லை, வெள்ளைதான் இருந்தது. எங்கள் அடுக்ககத்தில் ஒருவர் சில வாரங்கள் கழித்து இதே வண்டியை இன்னும் குறைவாக வாங்கியதாகச் சொன்னார். இருக்கலாம். எதையெல்லாம் தொட்டுப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

டெலிவரி அன்று மதியம், வீடுவரை இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி வந்தேன். கீழே நிறுத்தியதும் அவர் இறங்கவில்லை.

"நீ முன்னால போ. நான் அந்தப் பக்கம் கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன்."

கையைப் பிடித்துச் சுற்றி அழைத்துவந்து, ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தேன். கதவைச் சாத்திவிட்டு மாடியேறினேன். பால் காய்ச்சினேன். அவர் மேலே வர அரை மணி நேரம் ஆனது.