முட்டைப் பந்தும் ஐந்து முதுகும்

பந்து என்றால் உருண்டையாகத்தான் இருக்கும் என்று பதின்மூன்று வயதுவரை நம்பி வளர்ந்தவள் நான். அந்த நம்பிக்கையைக் கெடுத்தவர் என் மாமா. ஒரகடத்தில் அவர் வேலை பார்த்த கம்பெனி, புது மெஷின் ஓட்டப் பழகி வரச்சொல்லி அவரை நான்கு மாதம் அமெரிக்காவுக்கு அனுப்பியது. திரும்பி வந்து அவர் பெட்டியைத் திறந்தபோது வீடே சுற்றி உட்கார்ந்திருந்தது. சாக்லேட் வந்தது, அம்மாவுக்குக் கைப்பை வந்தது, கடைசியாக இரண்டு முனையும் கூர்ந்த ஒரு தோல் பந்து வந்தது. "இன்னாடா இது, முட்டையாட்டம் கீது?" என்றாள் அம்மா. அன்றிலிருந்து அது முட்டைப் பந்து.

மாமாவுக்கு அந்த ஆட்டம் பாதிதான் புரிந்திருந்தது. மீதிப் பாதியைத் தன் தைரியத்தால் நிரப்பிக்கொண்டார். அந்த வருஷம் கம்பெனியின் குடும்ப விழாவில், எலுமிச்சம்பழம் ஸ்பூன் ஓட்டத்தோடு பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டமும் உண்டு என்று வெள்ளைக்கார மேனேஜர் அறிவித்துவிட்டார். தொழிலாளர் வீட்டுப் பெண்கள் ஒரு பக்கம், ஆபீஸ் அதிகாரிகள் வீட்டுப் பெண்கள் எதிர்ப்பக்கம். ஆடுகிறவர்களில் சிறந்தவளுக்கு ஒரு சைக்கிள். சிவப்பு நிறம், முன்னால் கூடை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. பரிசு வாங்கப் போகிறவள் நான்தான் என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கு அது வேண்டியும் இருந்தது. எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரிக்குக் கொஞ்சம் உள்ளே. ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். ஒன்பதாவதுக்கு மணிமங்கலம் போகவேண்டும், பஸ் அதற்கு இஷ்டம் இருந்தால் வரும். அதனால் என்னைத் தாம்பரத்தில் அத்தை வீட்டில் விட்டுப் படிக்கவைப்பது என்று அப்பா முடிவுசெய்திருந்தார். பல் தேய்ப்பதற்குக்கூட டைம்டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் வீடு அது. அங்கே போவதைவிடக் கிணற்றில் குதிக்கலாம் என்று நான் அழுதபோது, "சைக்கிள் இருந்தா பாக்கலாம்" என்று அப்பா சொல்லி வைத்தார். வாங்கித் தருவதாக அதற்கு அர்த்தமில்லை.

அதே சைக்கிளை அக்காவும் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் மகள். பிளஸ் டூ முடித்துவிட்டு, விளையாட்டு டீச்சர் படிப்புக்கான விண்ணப்பத்தை டீவி உறைக்கு அடியில் மடித்து வைத்திருந்தாள். மணிமங்கலம் வரை சைக்கிளில் போய்விட்டால் அங்கிருந்து காலேஜுக்கு பஸ் உண்டு. அரசாங்கம் அவளுக்குக் கொடுத்த சைக்கிளில் பெரியப்பா பால் கேன் மாட்டி ஓட்டியதில் அது நடுவில் வளைந்து போயிருந்தது. "போய்வர வழி இன்னா சொல்லு? கம்பெனி வேலைன்னா பஸ்ஸு தெருவுலயே வந்து ஏத்திக்கும்" என்பார் பெரியப்பா. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எல்லாம் எனக்குக் கேட்டது. ஆனாலும் எனக்கு அத்தை வீட்டு டைம்டேபிளே பெரிய கவலையாக இருந்தது.

ஆட்டம் இதுதான். எங்கள் பக்கத்தில் எறிகிறவள் ஒருத்தி. அவள் கைக்குப் பந்து வந்ததும் எதிராளிகள் பாய்ந்து வருவார்கள். அவள் இடுப்பில் செருகிய ரிப்பனை அவர்கள் உருவுவதற்குள், தூரத்தில் ஓடுகிறவளுக்குப் பந்தை எறியவேண்டும். இல்லையென்றால் பக்கத்தில் நிற்பவளிடம் கொடுத்து ஓடவிடவேண்டும். பந்தோடு எதிர்ப்பக்கக் கோட்டைத் தாண்டினால் புள்ளி. பந்து வைத்திருப்பவளின் ரிப்பன் போனால் ஆட்டம் அந்த இடத்தோடு நிற்கும், அங்கிருந்தே மறுபடி தொடங்கும். கொடுக்காப்புளி மரத்தில் நான் குறிவைத்த கொத்து தப்பியதே கிடையாது என்பதால் எறிகிறவள் நான் என்று மாமா தீர்மானித்தார். என் தங்கை ஓடிப்போய்ப் பிடிக்கிறவள். அக்கா பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவள். எனக்கு முன்னால் அரணாக நிற்க, அக்காவோடு பள்ளியில் கபடி ஆடிய ஐந்து அக்காக்கள்.

"நான் அங்க நேர்ல பாத்தேன். இருக்கறதுலயே பெரிய ஆளுங்க அஞ்சு பேரு முன்னால நிப்பாங்க. அவங்க பந்தைத் தொடவே மாட்டாங்க" என்றார் மாமா.

"அப்ப இன்னாத்துக்கு மாமா ஆடறாங்க?" என்று கேட்டேன். மாமா விசிலை ஊதிவிட்டார்.

முதல் நாள் பயிற்சி ரகளையாக முடிந்தது. எதிராளியைத் தடுக்கலாம், பிடிக்கக்கூடாது என்பது விதி. கபடிக்காரிகளிடம் இதைச் சொன்னால் நடக்குமா? எதிராளிகளாக நின்ற தெருப் பையன்கள் ஓடி வந்ததும், ஐந்து பேரும் பழக்க தோஷத்தில் கையைக் கோத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார்கள், பிறகு வந்தவன் கணுக்காலைப் பிடித்து மொத்தமாகக் கவிழ்த்தார்கள். அடியில் கிடந்தவன் "அம்மா" என்று கத்தினான். அவன் மூச்சு விடுகிறானா என்று மாமா பார்ப்பதற்குள் அடுத்தவன் கவிழ்ந்தான். இரண்டு நாள் திட்டிப் பார்த்தும் அந்தக் கைகள் கேட்கவில்லை. கடைசியில் அக்காதான் வழி கண்டுபிடித்தாள். ஆளுக்கொரு துப்பட்டாவைக் கழுத்தில் போட்டு, இரண்டு முனைகளையும் நெஞ்சுக்கு நேராக இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். கைக்கு வேலை கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் தோளாலும் காலாலும் மட்டுமே தடுத்தார்கள்.

அந்தக் காட்சியை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்ததெல்லாம் ஐந்து முதுகுகள்தான். பையன்கள் முழு வேகத்தில் வந்து மோதுவார்கள். அந்த முதுகுகள் லேசாகக் குலுங்கும், கால்கள் தரையை விட்டு எழும்பாமல் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் வரும், ஒருத்தி நகர்ந்தால் பக்கத்தில் இருப்பவள் அந்த இடைவெளியை அவளைப் பார்க்காமலே அடைப்பாள். பேச்சு கிடையாது. மூச்சுச் சத்தமும் செருப்பில்லாத பாதங்கள் மண்ணில் தேயும் சத்தமும் மட்டும் கேட்கும். அதற்குப் பின்னால் நான் வீட்டுக்குள் நிற்பதுபோல நிற்பேன். பந்தைத் திருப்பிப் பிடித்து, தங்கை எங்கே ஓடுகிறாள் என்று பார்த்து, நிதானமாக எறிவேன். எனக்கு மெய்சிலிர்க்கும். ஆனால் எதைப் பார்த்துச் சிலிர்க்கிறது என்பதில்தான் குழப்பம். என் எறிதலைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதை வெளியில் வேறு சொல்லித் தொலைத்தேன். ஒருநாள் தண்ணீர் குடிக்கும்போது, "நீங்க சும்மாதானே நிக்கறீங்க, எனக்குத்தான் கை வலிக்குது" என்றேன். ஐந்து பேரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா சிரித்தாள். அடுத்த முறை பந்து என் கைக்கு வந்ததும் ஐந்து முதுகுகளும் கதவு திறப்பதுபோல இரண்டு பக்கமும் விலகின. எனக்கு நினைவிருப்பது நான்கு பையன்களின் முகம், அதற்கப்புறம் வானம், அதற்கப்புறம் வாய் நிறைய மண்.

"கை வலி எப்டி கீதுடி?" என்று கேட்டு அக்கா என்னைத் தூக்கி நிறுத்தினாள். பாவாடையைத் தட்டிவிட்டதும் அவள்தான்.

விழா அன்று எதிர்ப்பக்கத்துப் பெண்களைப் பார்த்ததும் நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். எல்லோரும் பள்ளியில் கூடைப்பந்து ஆடுகிறவர்கள். ஷூ போட்டிருந்தார்கள், கை நீளம், கால் நீளம். அவர்களால் எங்கள் ஐந்து பேரை உடைக்க முடியவில்லைதான். ஆனால் அவர்களில் உயரமான இரண்டு பேர் முன்னால் வரவே இல்லை. பின்னால் தங்கைக்குக் காவல் நின்றார்கள். நான் எறிந்ததையெல்லாம் அவள் தலைக்கு மேலேயே தட்டிவிட்டார்கள். ஆட்டம் சமமாகவே போய்க்கொண்டிருந்தது. "எறியாத. அக்காகிட்ட குடு" என்று மாமா ஓரத்திலிருந்து கத்தினார்.

கொடுத்தேன். ஐந்து பேரும் தோளால் ஒரு சந்து பிளந்தார்கள். அக்கா அதில் புகுந்து நாலடி ஓடினாள், ரிப்பன் போயிற்று. மறுபடி கொடுத்தேன், மூன்றடி. மறுபடி, ஐந்தடி. ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று பேர் மேலே விழ, அவள் புழுதியோடு எழுந்து வந்தாள். முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் சுடிதாரில் ஒட்டியிருந்தது. பார்க்கிறவர்களுக்குச் சலித்துவிட்டது, பாதிப் பேர் பிரியாணி வரிசைக்குப் போய்விட்டார்கள். எனக்கோ அழுகை முட்டியது. பந்தைக் கையில் வாங்கிக் கையில் கொடுக்கிறவளுக்கு யார் சைக்கிள் கொடுப்பார்கள்? அக்கா வேண்டுமென்றே என்னை எறியவிடாமல் செய்கிறாளோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்ததை மறைத்து என்ன செய்ய?

நான் கவனிக்காத ஒன்றை அக்கா கவனித்திருந்தாள். அவள் ஒவ்வொரு முறை ஓடும்போதும், பின்னால் காவல் நின்ற இரண்டு பேரும் ஓரடி முன்னால் வந்துகொண்டிருந்தார்கள். கடைசி ஆட்டம் என்று விசில் ஊதியதும் அவள் என் காதோரம் குனிந்தாள். வியர்வையும் மண்ணும் கலந்து வாசனை அடித்தது.

"இந்த வாட்டியும் எனக்குக் குடுக்கற மாதிரி கைய நீட்டு. ஆனா குடுக்காத. நான் வாங்கிக்கினு ஓடற மாதிரி ஓடறேன். நீ தங்கச்சியப் பாத்துக்கினே இரு."

கையை நீட்டினேன். அவள் வெறுங்கையை வயிற்றோடு மடித்து, தலையைக் குனிந்து, அன்றைக்கு ஓடியதிலேயே வேகமாக அந்தச் சந்துக்குள் பாய்ந்தாள். அத்தனை பேரும் அவள்மேல் விழுந்தார்கள். காவல் நின்ற இரண்டு பேரும் ஓடிவந்து விழுந்தார்கள். திடலில் திடீரென்று ஆளே இல்லை. பந்து என் கையில். எனக்கு முன்னால் அந்த ஐந்து முதுகுகள், அதற்கப்பால் வெட்டவெளி, வெட்டவெளியில் என் தங்கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தாள். அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கொடுக்காப்புளிக்கு எறிவதுபோல எறிந்தேன். பந்து சுழன்றுகொண்டே போய் அவள் இரண்டு கைக்கும் நடுவில் இறங்கியது. அதோடு அவள் கோட்டைத் தாண்டிவிட்டாள்.

பிரியாணி வரிசையே கத்தியது. மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். அங்கிருந்து பார்த்தபோது அக்கா இன்னும் தரையில்தான் கிடந்தாள். மேலே விழுந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோன பிறகும் அவள் வயிற்றோடு மடித்த கையைப் பிரிக்கவில்லை. ஐந்து பேரில் ஒருத்தி குனிந்து ஏதோ சொன்ன பிறகுதான் பிரித்தாள். உள்ளே ஒன்றுமில்லை. என்ன பைத்தியம் இவள், பந்து போய்ச் சேர்ந்து எவ்வளவு நேரமாகிறது என்று நினைத்துச் சிரித்தேன்.

பரிசு கொடுக்கும்போது மேனேஜர் சைக்கிளை உருட்டிக்கொண்டு நேராக அக்காவிடம் போனார். அவள் கையைப் பிடித்து ஹேண்டில்பாரில் வைத்தார். அக்கா ஒரு நொடி அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை எடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஏதோ சொல்லி என் பக்கம் காட்டினாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு சைக்கிளைத் திருப்பி என்னிடம் கொண்டுவந்தார். வெள்ளைக்காரர்களுக்கு நாமெல்லாம் ஒரே மாதிரிதானே தெரிவோம், பாவம், ஆளை மாற்றிவிட்டார், நல்லவேளை அக்கா திருத்திவிட்டாள் என்று நான் வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். பெரியம்மா மட்டும் பாதியிலேயே எழுந்து உள்ளே போனாள்.

ஜூன் மாதம் அந்தச் சைக்கிளில் மணிமங்கலம் போகத் தொடங்கினேன். முதல் நாளே நல்ல எதிர்க்காற்று, தொடை வலித்தது. பின்னாலிருந்து கம்பெனி பஸ் வந்து என்னைத் தாண்டியது. ஜன்னலோரத்தில் அக்கா, கழுத்தில் அடையாள அட்டையோடு, கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மணியை அடித்தேன், அவள் எழுந்திருக்கவில்லை. ஜெயித்தவள் நான், வேர்க்க வேர்க்க மிதிக்கிறேன், இவள் மட்டும் இவ்வளவு பெரிய பஸ்ஸில் சொகுசாகத் தூங்கிக்கொண்டு போகிறாளே என்று அன்றைக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை எனக்குப் பொறாமையாகவே இருந்தது.