நிஸ்தாரோடு சண்டை பிடிக்கும் இடம்

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலையில் கனடாவில் நாங்கள் வாழும் நகரத்தின் வெக்ஸ்போர்ட் பகுதியில் உள்ள பிளாசா ஒன்றின் முன்னால் நிஸ்தாரின் வெள்ளை வான் வந்து நிற்கும். எங்கள் நடைக்குழுவினர் அதில் ஏறிக்கொள்வோம். நகரத்தைத் தாண்டி வடமேற்கே கலிடன் பக்கம் சென்று, அங்குள்ள சுண்ணாம்புக்கல் குன்றுகளில் ஏறி இறங்கி, திரும்பும் வழியில் ஒரு சிற்றூர்ப் பப்பில் உணவருந்திவிட்டு வீடு திரும்புவோம். ஆறு ஆண்டுகளாக இந்த ஒழுங்கு மாறியதில்லை. வார நாள்களில் பள்ளிப் பேருந்து ஓட்டும் மனிதர் சனிக்கிழமையும் ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்குக் காரணம் எளிமையானது: குழுவில் மது அருந்தாதவர் அவர் ஒருவர்தான்.

அவரைக் குழுவில் சேர்த்தவர் நவரட்ணம். ஓய்வுபெற்ற கணக்காளர். இதயக் குழாயில் ஸ்டென்ற் வைத்த பிறகு வைத்தியர் அவரை நடக்கச் சொன்னார். தனியே நடப்பது சலித்துப்போகவே எங்களைத் திரட்டினார். நிஸ்தாரும் அவரும் யாழ்ப்பாண நகரத்தில் ஒரே பேருந்து நிலையத்தில் பஸ் ஏறி வளர்ந்தவர்கள் என்றாலும், அங்கே ஒருவரையொருவர் அறிந்திருக்கவில்லை.

நிஸ்தார் பிறந்தது அந்நகரில் முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகதெருவில். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் தமிழ் ஆயுத இயக்கம் வெளியேற்றியபோது, வாப்பாவையும் உம்மாவையும் அழைத்துக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்தும் கொஞ்சத் தூரம் லொறியிலுமாகப் புத்தளம் போய்ச் சேர்ந்தார். அங்கே பல ஆண்டுகள் ஓலைக் கொட்டிலில் கழிந்தன. பாஹிமாவை மணந்ததும் அங்கேதான். கனடாவுக்கு வந்தபின் உணவகத்தில் பாத்திரம் கழுவினார். பொதிகளைத் தரம் பிரித்தார். கடைசியில் மஞ்சள் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர் ஆசனம் கிடைத்தது. சனிக்கிழமைகளில் எங்கே போகிறார் என்பது பாஹிமாவுக்குத் தெரியும். “என்ன குடிச்சியள் எண்டு நான் கேக்கமாட்டன். உடுப்பை மட்டும் வெளியாலை கழட்டிப்போட்டு வாங்கோ, பொரிச்ச எண்ணெய் மணக்குது” என்பாராம்.

தமது கதையை நிஸ்தார் தாமாகச் சொல்வதில்லை. ஆனால் இந்நகரில் ஒரு தமிழர் இன்னொருவரைச் சந்தித்தால் முதற்கேள்வி எந்த ஊர் என்பதுதான். யாழ்ப்பாணம் என்று அவர் சொல்வார். பிறகு பெயரைச் சொல்வார். அந்த இடத்தில் கேட்டவருடைய குரல் ஒரு படி தணியும். அதன்பின் கேட்டவர் சொற்களைத் தேர்ந்தெடுத்துப் பேசத் தொடங்குவார். எங்கள் குழுவும் அதற்கு விலக்கல்ல. குன்றின் உச்சியில் நிஸ்தார் நண்பகல் தொழுகையான லுஹர் தொழும்போது நாங்கள் தள்ளிப்போய், மரணவீட்டு வாசலில் நிற்பவர்களைப்போல நிற்போம். “நீங்கள் இருமினாலும் தொழுகை முறியாது” என்று ஒருமுறை அவர் சொன்னார். சிரிப்பதா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

பப்பில் மட்டும் நிலைமை வேறு. அங்கே பின்சுவரில் ஒரு வட்டப் பலகை தொங்கியது. அதன் நடுப்புள்ளியைக் குறிவைத்துச் சிறு அம்புகளை எறிய வேண்டும். நிஸ்தார் மதுவில்லாத இஞ்சிப் பானமான ஜிஞ்சர் ஏல் ஒரு கிளாஸோடும் நவரட்ணம் இரண்டாவது பியரோடும் அதன் முன்னால் நிற்பார்கள். நவரட்ணம் தோற்பார். தோற்றதும் வாய் திறக்கும்.

“நீ குடியாமல் நிண்டு வெல்லுறது பச்சைக் களவு! எனக்குப் பலகை ரெண்டாத் தெரியுது.”

“அப்ப ரெண்டிலை ஒண்டுக்காவது எறியுங்கோவன் அண்ணை. அங்கை பரிமாறிக்கொண்டு நிக்கிற பிள்ளையைக் குத்திப் போடாதேங்கோ.”

“கள்ளா! உன்னட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளையளை நம்பிக் குடுத்திருக்கிறாங்களே, அவங்களைச் சொல்லவேணும்.”

மேசையிலிருந்து எங்கள் குழுவில் இளையவளான கௌசி விசில் அடிப்பாள். பரிமாறும் செலீனுக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனாலும் சிரிப்பார். இவையெல்லாம் வானின் கதவுவரைக்கும்தான். கதவு மூடியதும் நவரட்ணத்தின் குரல் பழையபடி தணியும். “நிஸ்தார், களைச்சுப் போயிருப்பியள். மெதுவாய் ஓடுங்கோ.”

இந்த ஒக்டோபரில் விட்பியிலிருந்து ஸ்ரீஸ்கந்தராசா எங்களோடு சேர்ந்தார். வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பிறருடைய சங்கடத்தை அவர்கள் உணருமுன்பே உணர்ந்துவிடும் நல்ல மனிதர். முதல் நடையன்று பப்பில் அவர் அதிகம் பேசவில்லை. இரண்டாம் நடை நவம்பரில் வந்தது. இலை உதிர்ந்த மேப்பிள் மரங்களுக்கிடையே உச்சிக்கு ஏறினோம். நிஸ்தார் தொழுது முடித்துச் சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் தொண்டையைச் செருமினார்.

“ஒரு நேரமும் தொழுகையை விடாத மனிசன். அவரைக் கொண்டுபோய்க் குடிக்கிற கடையிலை இருத்தி வைக்கிறம். போன மாதம் எனக்கு வெக்கமாய்ப் போச்சு.”

எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம். இதை நாங்களே எண்ணியிருக்க வேண்டும் என்று எங்கள் ஒவ்வொருவருக்கும் தோன்றியது. நவரட்ணத்துக்குத்தான் அதிகம் தைத்தது.

“சரியாய்ச் சொன்னியள்” என்றார் அவர். “நிஸ்தார், இண்டையிலிருந்து பப் இல்லை. ஹைவேயடியிலை கோப்பிக் கடை ஒண்டு இருக்கு, அங்கை போவம். இது உங்களுக்காக.”

“எனக்காக ஒண்டும் மாத்த வேண்டாம் அண்ணை. எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை.”

“நீங்கள் அப்பிடித்தான் சொல்லுவியள்” என்றார் எங்கள் குழுவின் தவமணி அன்ரி, கனிவாக. “அது உங்கடை பெருந்தன்மை.”

“இல்லை அன்ரி, உண்மையாய்த்தான் சொல்லுறன். எனக்கு அங்கை போறது விருப்பம்.”

“பாத்தியளே” என்று ஸ்ரீஸ்கந்தராசா எங்களைப் பார்த்தார். “எங்களுக்குச் சங்கடம் வரக்கூடாதெண்டு சொல்லுறார்.”

மறுக்க மறுக்க மறுப்பும் மரியாதையாகவே எண்ணப்பட்டது. ஒருவர் வேண்டாம் என்றால் மற்றவர் வற்புறுத்துவதே பண்பு என்று வளர்ந்தவர்கள் நாங்கள். வழக்கமாக இறக்கத்தில் முழங்கால் வலிக்கும் நவரட்ணத்துக்குத் துணையாகப் பின்னால் வரும் நிஸ்தார், அன்று வழி காட்ட மரங்களில் பூசியிருந்த வெள்ளைக் குறிகளைப் பார்த்தபடி தனியே முன்னால் இறங்கினார்.

வான் சந்திக்கு வந்தது. இடப்பக்கம் ஹைவே, வலப்பக்கம் அந்தச் சிற்றூர். நிஸ்தார் வலப்பக்கம் திருப்பினார்.

“கோப்பிக் கடை மற்றப் பக்கம்” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

வான் பப்பின் வாசலில் நின்றது. நிஸ்தார் இயந்திரத்தை நிறுத்தினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

“நிஸ்தார், நாங்கள்தானே சொன்னம்...” என்று நவரட்ணம் தொடங்கினார்.

“குடிக்கச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வரேல்லை அண்ணை. குடிக்கிறதும் விடுறதும் உங்கடை பாடு. எனக்கு இஞ்சை ஒரு அலுவல் இருக்கு.”

“என்ன அலுவல்?”

“நீங்கள் என்னோடை சண்டை பிடிக்கிற இடம் இது ஒண்டுதான்.”

யாருக்கும் விளங்கவில்லை. அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி தொடர்ந்தார். “நான் எவ்விடம் எண்டு தெரிஞ்ச உடனை எல்லாரும் என்னோடை கவனமாய்க் கதைக்கினம். நல்ல மனசோடைதான். எனக்குத் தெரியும். ஆனால் வருத்தக்காரனைப் பாக்க வந்த மாதிரி எத்தினை வருஷத்துக்குக் கதைக்கிறது? அண்ணை உள்ளுக்கை போய்க் கொஞ்சம் குடிச்சாப் பிறகுதான் என்னைக் கள்ளன் எண்டுறார். அதுக்காகத்தான் நான் மாதா மாதம் இந்த வானை எடுக்கிறன். கோப்பிக் கடையிலை ஆர் என்னைக் கள்ளன் எண்டு சொல்லப்போகினம்?”

“நான் நல்லதுக்குத்தான்...” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

“தெரியும் அண்ணை. எல்லாரும் நல்லதுக்குத்தான் செய்யினம்.”

நவரட்ணம் முதலில் இறங்கினார். நாங்கள் பின்தொடர்ந்தோம். உள்ளே எல்லோரும் தேநீர் கேட்டதும் செலீன் யாருக்காவது சுகமில்லையா என்று விசாரித்தார். நவரட்ணம் அம்புகளை எடுத்துக்கொண்டு பலகையின் முன்னால் போய் நின்றார். அவர் எறிந்த மூன்றும் பலகையின் விளிம்பில் தைத்தன. நிஸ்தார் எறிந்தவை நடுவுக்குக் கிட்டப் போயின. “நல்லாய் எறியிறியள்” என்றார் நவரட்ணம். அடுத்த முறையும் அப்படியே நடந்தது. நவரட்ணத்தின் கை மட்டும் சற்றும் தடுமாறவில்லை.

நிஸ்தார் அம்புகளை மேசையில் வைத்தார்.

“வேணுமெண்டு பிழையாய் எறியிறியள்.”

“சீச்சீ, அப்பிடியில்லை.”

“உங்களுக்குப் பொய் சொல்லவும் தெரியாது அண்ணை. வாங்கோ, வீட்டை போவம்.” அவர் வான் சாவியை எடுத்தார்.

நவரட்ணம் அந்தச் சாவியைப் பார்த்தார். பிறகு அம்புகளைத் திரும்ப எடுத்தார். முதல் அம்பு நடுப்புள்ளியை உரசி நின்றது. இரண்டாவது அதற்குள்ளேயே இறங்கியது. மூன்றாவது தைப்பதற்கு இடம் போதாமல் இரண்டாவதோடு ஒட்டிக்கொண்டது. பியர் இல்லாத நவரட்ணம் எறிந்து நாங்கள் பார்த்ததே இல்லை. அவரும் பார்த்ததில்லை போலும். சிறிது நேரம் தமது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிஸ்தார் எறிந்தார், தோற்றார். மறு ஆட்டமும் தோற்றார். அடுத்ததிலும் தோற்றபோது அவருடைய முகம் கறுத்தது. தோற்பது அவருக்கு இயல்பாகவே பிடிக்காது.

“கதவாலை காத்து வருது” என்றார்.

“கதவு பூட்டித்தான் கிடக்கு” என்றாள் கௌசி.

அப்போதுதான் நவரட்ணத்தின் தொண்டை திறந்தது. “இவ்வளவு காலமும் நீயோடா வெண்டனீ? பியரெல்லோ வெண்டது! கள்ளா, ஆறு வருஷம் என்னை ஏமாத்திப் போட்டாய்!”

“ஒரு பியர் எடுங்கோவன் அண்ணை. தேத்தண்ணி உங்கடை உடம்புக்குக் கூடாது.”

“மாட்டன்! உன்னை வெண்டு முடிச்சாப் பிறகுதான் இனிக் குடிப்பு!”

ஸ்ரீஸ்கந்தராசா, புதியவருக்குரிய தயக்கத்தோடு, தாமும் ஒருமுறை எறியலாமா என்று கேட்டார். “வரிசையிலை வாரும்” என்றார் நிஸ்தார், திரும்பிப் பாராமலே. ‘வாங்கோ’ என்ற மரியாதை இல்லாத அந்த ‘வாரும்’ ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு எங்கோ சுகமாகப் பட்டிருக்க வேண்டும். எழுந்து போய் அவர்களுக்குப் பின்னால் நின்றார்.

மாலையில் வானில் ஏறிக் கதவை மூடினோம். நவரட்ணத்தின் குரல் தணியும் என்று வழக்கம்போல நாங்கள் காத்திருந்தோம். நிஸ்தார் வானைப் பின்னால் எடுத்தார்.

“றிவேர்ஸ் எண்டாலும் நேராய்ப் போவியோ, உன்ரை அம்பு மாதிரித்தானோ?” என்று முன் ஆசனத்திலிருந்து நவரட்ணத்தின் குரல் கேட்டது.

“இறங்கி நடந்து வாங்கோ. டொக்டர் நடக்கத்தானே சொன்னவர்.”

ஹைவேயில் ஏறி, விமான நிலைய விளக்குகளைத் தாண்டிய பிறகும் அந்தச் சண்டை ஓயவில்லை. நித்திரைகொள்ள விடுங்கள் என்று தவமணி அன்ரி இருமுறை கெஞ்சிப் பார்த்தார். இருவரில் ஒருவரும் கேட்பதாக இல்லை.